பகு எண் என்று தெரியும், காரணி தெரியாது: பேரெண்களைக் குறித்த இரு கேள்விகள்

2¹²⁷⁷ − 1 என்ற எண்ணுக்கு 385 இலக்கங்கள். அது பகா எண் அன்று என்பது 1950களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ராஃபேல் ராபின்சன் எழுதிய நிரலைக் கொண்டு, லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த ‘ஸ்வாக்’ கணினி 1952-இல் இந்த வகை எண்களை வரிசையாகச் சோதித்தது. 2¹²⁷⁹ − 1 பகா எண் என்று தேறியது. அதற்குப் பக்கத்திலிருந்த 2¹²⁷⁷ − 1 தேறவில்லை. ஆகவே 1-ஐயும் தன்னையும் தவிர வேறொரு எண்ணாலும் அது மீதியின்றி வகுபடும். இதில் ஐயத்துக்கு இடமில்லை. அந்த வேறொரு எண் எது என்பதுதான் எழுபது ஆண்டுகள் கடந்தும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஓர் எண் உடையும் என்று அறிவதும் எப்படி உடையும் என்று அறிவதும் நெடுங்காலம் ஒரே சிக்கலாகவே கருதப்பட்டன. 1801-இல் வெளிவந்த ‘டிஸ்குவிசிஷோனெஸ் அரித்மெட்டிகே’ நூலின் 329-ஆம் பிரிவில் கவுஸ் இரண்டையும் சேர்த்தே பேசுகிறார். எண்கணிதத்தின் மிக முக்கியமான, மிகப் பயனுள்ள சிக்கல்களுள் ஒன்றாக அதை வைக்கிறார். இன்று அவை தனித்தனிக் கேள்விகள். முதலாவதற்கு வேகமான, முழுமையாக நிரூபிக்கப்பட்ட விடை உண்டு. இரண்டாவதற்கு இல்லை. இந்தப் பிளவு எண்களின் இயல்பிலேயே உள்ளதா, அல்லது நம் முறைகள் போதாமையால் தோன்றியதா? இதற்குச் சொல்லப்பட்டுவந்த விடைகள் எங்கிருந்து பிறந்தன, எங்கே தடுமாறுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

## காரணியைக் காட்டுவதே அறிவு

மிகப் பழைய நிலைப்பாடு எளிமையானது. ஓர் எண் பகு எண் என்று சொல்பவர் அதன் காரணியைக் காட்ட வேண்டும். பகா எண் என்று சொல்பவர் எல்லாக் காரணிகளையும் தேடிப் பார்த்து, எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். எரட்டோஸ்தனிஸின் சல்லடை இந்த எண்ணத்தின் கருவி. வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்பதால், சிறிய எண்களுக்கு இது இன்றும் சிறந்த வழி.

பேரெண்கள் வந்ததும் இந்த வழி தள்ளாடத் தொடங்கியது. 1644-இல் மாரின் மெர்சென், 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் பகா எண் தரும் அடுக்குகளை 257 வரை பட்டியலிட்டார். அவர் காலத்தில் யாராலும் அந்தப் பட்டியலைச் சரிபார்க்க முடியவில்லை. முழுமையாகச் சரிபார்த்து முடித்தபோது ஆண்டு 1947. 67, 257 ஆகிய அடுக்குகள் தவறாகச் சேர்க்கப்பட்டிருந்தன. 61, 89, 107 விடுபட்டிருந்தன. ஃபெர்மாவுக்கும் இதே போன்ற சறுக்கல் நேர்ந்தது. 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துச் செல்லும் எண்களை வைத்து 1-ஐக் கூட்டினால் எப்போதும் பகா எண்ணே வரும் என்று அவர் நம்பினார். முதல் ஐந்து எண்கள் அப்படியே அமைந்தன. ஆறாவதான 4294967297 என்பது 641 × 6700417 என்று 1732-இல் ஆய்லர் காட்டினார்.

ஆய்லரின் வெற்றிக்கு வெறும் பொறுமை காரணமன்று. இத்தகைய எண்ணின் காரணி எந்த வடிவில் மட்டுமே இருக்க முடியும் என்பதை அவர் கண்டுகொண்டார். பிறகு அந்த வடிவில் அடங்கும் எண்களை மட்டும் சோதித்தார். 1772-இல் 2147483647 பகா எண் என்று நிறுவியதும் இதே உத்தியால்தான். தேடலின் பரப்பைச் சுருக்குவதில் அந்த நூற்றாண்டின் எண்கணிதம் பெருந்திறமை காட்டியது.

இந்த நிலைப்பாட்டின் உச்சமாகச் சொல்லப்படுவது 2⁶⁷ − 1. அது 147573952589676412927 என்ற 21 இலக்க எண். 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் நியூயார்க் கூட்டத்தில், அது 193707721 × 761838257287 என்று ஃபிராங்க் நெல்சன் கோல் காட்டினார். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு அமர்ந்தார் என்ற கதை ஈ. டி. பெல்லின் எழுத்து வழியாகப் பரவியது; பெல் கதையை மெருகேற்றுபவர் என்பதால் அதை எச்சரிக்கையோடு வாசிப்பது நல்லது. கதையின் கவர்ச்சியில் முக்கியமான ஒன்று மறைந்துபோகிறது. 2⁶⁷ − 1 பகா எண் அன்று என்பது கோலுக்கு 27 ஆண்டுகள் முன்பே, ஒரு காரணியும் தெரியாமலே, சொல்லப்பட்டுவிட்டது.

வர்க்கமூலம் வரை ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்ப்பதென்றால் 1200 கோடிக்கு மேற்பட்ட எண்கள் குறுக்கே நிற்கும். இதன் காரணி எதுவும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 தரவேண்டும், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தரவேண்டும் என்ற இரு நிபந்தனைகளைச் சேர்த்தால், 193707721-ஐ எட்டுவதற்குள் சோதிக்க வேண்டியவை ஏறக்குறைய 7 லட்சமாகக் குறைகின்றன. கோல் இதற்கும் மேலான நுட்பங்களைக் கையாண்டார். ஆனாலும் இலக்கங்கள் கூடக்கூட, சுருக்கிய பரப்பும் கைக்கு அடங்காமல் போகிறது. காட்டினால்தான் அறிவு என்ற கொள்கையின் பலவீனம் இங்கேதான்.

## காணாமலே சொல்லும் தீர்ப்பு

மாற்று வழியின் விதை 1640-இலேயே விழுந்துவிட்டது. ஒரு பகா எண்ணை எடுத்துக்கொண்டு, அதனால் வகுபடாத எந்த எண்ணையும் அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி வகுத்தால் மீதி 1 வரும் என்று ஃபெர்மா கண்டார். இதைத் திருப்பிப் போட்டால் ஒரு சோதனை கிடைக்கிறது. மீதி 1 வராவிட்டால் எடுத்த எண் பகா எண் அன்று. காரணி எதுவும் தேவையில்லை; மீண்டும் மீண்டும் வர்க்கப்படுத்தி மீதி எடுப்பதே வேலை.

இங்கே ஒரு வரலாற்று விசித்திரம் உண்டு. 4294967297-ஐ இந்தச் சோதனைக்கு உட்படுத்தி, 3-இலிருந்து தொடங்கி 32 முறை வர்க்கப்படுத்தினால் அது பகு எண் என்பது வெளிப்பட்டுவிடும். சோதனையின் கரு ஃபெர்மாவின் கையிலேயே இருந்தது. ஆனால் 2-இலிருந்து தொடங்கினால் அவர் வரிசையின் எல்லா எண்களும் பகுவாயினும் பகாவாயினும் தேறிவிடும். அவருடைய நம்பிக்கைக்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்று ஊகிக்க மட்டுமே முடியும்.

சோதனையின் குறையும் இதிலேயே தெரிகிறது: தோற்றால் தீர்ப்பு உறுதி, தேறினால் உறுதியில்லை. 341 என்பது 11 × 31. ஆனாலும் 2-ஐ வைத்துச் சோதித்தால் தேறிவிடுகிறது. 561-இன் கதை இன்னும் மோசம். தனக்குப் பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் அது தேறும். கார்மைக்கேல் எண்கள் எனப்படும் இவை முடிவின்றி உள்ளன என்பதை 1994-இல் ஆல்ஃபர்ட், கிரான்வில், பொமரன்ஸ் மூவரும் நிறுவினர்.

1876-இல் எதுவார் லூக்காஸ் இதைக் கடந்தார். மெர்சென் வகை எண்களுக்கு மட்டும் பொருந்தும் அவருடைய முறையை 1930 வாக்கில் டெரிக் ஹென்றி லெமர் செம்மைப்படுத்தினார். அதன் எளிமை வியக்கவைக்கும். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதி எடுக்க வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். 127-க்கு, அதாவது 2⁷ − 1-க்கு, வரும் மீதிகள் 4, 14, 67, 42, 111, 0. அடுக்கைவிட இரண்டு குறைவான படிகளில் பூஜ்யம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். இரு பக்கமும் உறுதியான தீர்ப்பு. 39 இலக்கம் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று லூக்காஸ் அறிவித்தது கணினி இல்லாத காலத்தில். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற 4,10,24,320 இலக்கப் பகா எண்ணை உறுதிசெய்ததும் இதே முறைதான்.

ஃபெர்மா எண்களுக்கு 1877-இல் பெப்பான் அதேபோன்ற சோதனையைத் தந்தார். அதன்பின் அந்த வரிசை அறிவின் எல்லா நிலைகளுக்கும் இருப்பிடமாகிவிட்டது. வரிசையைப் பூஜ்யத்திலிருந்து எண்ணினால், 11-ஆம் எண் வரை முழுமையாக உடைக்கப்பட்டுவிட்டன. 12-ஆம் எண் பாதியில் நிற்கிறது. 14-ஆம் எண் பகு எண் என்பது 1960களின் தொடக்கத்தில் தெரிந்தது. முதல் காரணி 2010-இல்தான் கிடைத்தது. 3,15,653 இலக்கம் கொண்ட 20-ஆம் எண் பகு எண் என்று 1987-இல் நிறுவப்பட்டது. ஒரு காரணியும் இன்னும் கிடைக்கவில்லை. 33-ஆம் எண் பகுவா பகாவா என்பதே தெரியாது.

லூக்காஸ் வழியின் குறை, அது சிறப்பு வடிவம் கொண்ட எண்களுக்கே பொருந்துகிறது என்பது. வழியில் எதிர்ப்பட்ட ஏதோ ஒரு 300 இலக்க எண்ணைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

## நிகழ்தகவின் சாட்சியம்

1970களில் கணினியும் மறைகுறியீட்டியலும் சேர்ந்து இந்தக் குறையை அவசரத் தேவையாக்கின. கேரி மில்லர் 1976-இலும் மைக்கேல் ராபின் 1980-இலும் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து உருவான சோதனை, ஃபெர்மாவின் சோதனையைக் கூர்மையாக்கியது. எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணை எடுத்தாலும், சோதனைக்குத் தேர்ந்தெடுக்கும் எண்களில் குறைந்தது முக்கால் பங்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தற்செயலாக 40 எண்களைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தால், ஒரு பகு எண் அத்தனையிலும் தப்பிக்கும் வாய்ப்பு 2⁸⁰-இல் ஒன்றுக்கு மேல் போகாது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் இன்றும் குழப்பம் நிலவுகிறது. ‘இந்த எண் பகா எண்ணாக இருக்க இத்தனை சதவீத வாய்ப்பு’ என்று சொல்வது பிழை. எண் பகாவாக இருக்கும், இல்லையேல் பகுவாக இருக்கும். அதில் வாய்ப்புக்கு வேலையில்லை. வாய்ப்பு இருப்பது நாம் தேர்ந்தெடுக்கும் சோதனை எண்களில். தேர்வு தற்செயலாக இல்லாமல் நிலையானதாக இருந்தால் உத்தரவாதம் சரிந்துவிடும். 307-க்குக் குறைவான எல்லாப் பகா எண்களையும் வைத்துச் சோதித்தாலும் தேறிவிடும் 397 இலக்கப் பகு எண்ணை 1995-இல் ஃபிரான்சுவா ஆர்னோ கட்டியெழுப்பிக் காட்டினார். நடைமுறைக்கு இந்தச் சோதனை போதுமா என்றால், போதும். பெரிய பகா எண்கள் தேவைப்படும் மறைகுறியீட்டுச் சாவிகள் பெரும்பாலும் இதன் பலத்தில்தான் உருவாகின்றன. நிரூபணத்துக்குப் போதுமா என்றால், போதாது. இவ்விரு விடைகளையும் கலக்காமல் வைத்திருப்பது அவசியம்.

## கான்பூரிலிருந்து ஒரு நிரூபணம்

எந்த எண்ணுக்கும் பொருந்தும், தற்செயல் கலவாத, நிரூபிக்கப்படாத கருதுகோள் எதையும் சாராத வேகமான சோதனை உண்டா? மில்லரின் மூலமுறை தற்செயலைத் தவிர்த்தது. ஆனால் ரீமன் கருதுகோளின் விரிவாக்கம் ஒன்றைச் சார்ந்திருந்தது. 1983-இல் ஏடில்மன், பொமரன்ஸ், ரூமெலி தந்த முறை இலக்கை மயிரிழையில் தவறவிட்டது. எலிப்டிக் வளைவுகளைக் கொண்ட முறை நடைமுறையில் மிகச் சிறந்தது. ஆனால் எல்லா எண்ணுக்கும் விரைவில் முடியும் என்பதற்கு முழு நிரூபணம் இல்லை.

2002 ஆகஸ்டில் ஐஐடி கான்பூரின் மணீந்திர அகர்வால், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய இருவருடன் சேர்ந்து விடையை வெளியிட்டார். அடிப்படை பழையது. ஓர் ஈருறுப்புக் கோவையை ஒரு குறிப்பிட்ட எண்ணின் அடுக்குக்கு விரித்தால், அந்த எண் பகா எண்ணாக இருக்கும்போது மட்டுமே இடையிலுள்ள கெழுக்கள் அனைத்தும் அதனால் வகுபடும். இது முழுமையான சோதனை. ஆனால் விரித்தெழுத வேண்டிய உறுப்புகளின் எண்ணிக்கை அந்த எண்ணின் அளவுக்கே இருக்கும். கான்பூர் மூவரின் சாதனை, விரிவை ஒரு சிறு பல்லுறுப்புக் கோவையால் வகுத்து மீதியை மட்டும் ஒப்பிட்டாலும் மிதமான எண்ணிக்கையிலான ஒப்பீடுகளில் உண்மை வெளிப்படும் என்று நிறுவியது. வேலையின் அளவு இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மிதமாகவே கூடுகிறது. 2004-இல் ‘ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் இது வந்தது. 2006-இல் கேடல் பரிசும் கிடைத்தது. இருநூறு ஆண்டுச் சிக்கலின் ஒரு பாதி, இளங்கலை மாணவருக்கும் புரியும் கருவிகளால் தீர்ந்தது என்பது இந்தத் துறையின் பெருமைமிக்க பக்கங்களில் ஒன்று.

இதற்கும் எல்லை உண்டு. நடைமுறையில் எலிப்டிக் வளைவு முறையைவிட இது மெதுவானது. அதைவிட முக்கியமானது, ஒரு பகு எண்ணைக் கொடுத்தால் இது ‘பகு எண்’ என்று மட்டுமே சொல்லும். காரணியைப் பற்றி வாய் திறக்காது.

## உடைப்பது உண்மையிலேயே கடினமா?

கடினம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமாக அடிக்கடி சொல்லப்படுவது, பலர் முயன்றும் முடியவில்லை என்பது. இந்த வாதத்தின் வரலாறு அவ்வளவு நம்பிக்கையூட்டுவதன்று. 1874-இல் பொருளியலாளர் ஸ்டான்லி ஜெவன்ஸ் 8616460799 என்ற எண்ணைத் தந்து, எந்த இரு எண்களின் பெருக்கற்பலன் இது என்பதைத் தன்னைத் தவிர யாரும் அறியப்போவதில்லை என்ற தொனியில் எழுதினார். முப்பது ஆண்டுகளுக்குள் அது உடைந்தது. இன்னும் கவனிக்க வேண்டியது, அதை உடைக்கப் புதிய கணிதமே தேவைப்பட்டிருக்காது. 1643 வாக்கில் ஃபெர்மா ஒரு கடிதத்தில் விளக்கிய வழி: எண்ணின் வர்க்கமூலத்துக்குச் சற்று மேலிருந்து ஒவ்வோர் எண்ணாக வர்க்கப்படுத்தி, தரப்பட்ட எண்ணைக் கழித்து, மீந்தது முழு வர்க்கமா என்று பார்ப்பது. ஜெவன்ஸின் எண்ணுக்கு 92825-இல் தொடங்கினால் 56-ஆவது முயற்சியில் 92880 வருகிறது. அதன் வர்க்கத்திலிருந்து ஜெவன்ஸின் எண்ணைக் கழித்தால் 10233601. அது 3199-இன் வர்க்கம். 92880-இலிருந்து 3199-ஐக் கழித்தும் அதனுடன் கூட்டியும் பார்த்தால் காரணிகள் 89681, 96079. கையால் செய்தாலும் ஓரிரு நாள் வேலைதான்.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் இதே வகைத் தன்னம்பிக்கை இன்னொரு முறை சரிந்தது. ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகியோரின் ஆர்.எஸ்.ஏ. மறைகுறியீட்டை அறிமுகப்படுத்தி 1977-இல் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பத்தியில், 129 இலக்க எண் ஒன்று சவாலாக வைக்கப்பட்டது. உடைக்கக் கோடானுகோடி ஆண்டுகள் ஆகும் என்ற மதிப்பீடும் உடன் வந்தது. 1994-இல் ஏறக்குறைய 600 தன்னார்வலர்களின் கணினிகள் சேர்ந்து சில மாதங்களில் அதை உடைத்தன. கணினியின் வேகம் ஒரு காரணம். பொமரன்ஸ் 1981-இல் கண்ட இருபடிச் சல்லடை அதைவிடப் பெரிய காரணம். அதன்பின் ஜான் பொல்லார்டின் எண்ணத்திலிருந்து எண்புலச் சல்லடை வளர்ந்தது. 2020-இல் அதைக் கொண்டு 250 இலக்க ஆர்.எஸ்.ஏ. எண் உடைக்கப்பட்டது, கணினிச் செயலியின் ஒரே ஓர் உள்ளகத்தில் (core) ஓட்டியிருந்தால் சுமார் 2700 ஆண்டுகள் பிடித்திருக்கும் கணக்கீடு அது. 617 இலக்க ஆர்.எஸ்.ஏ. எண் இன்னும் அசையவில்லை.

‘பேரெண்கள் உடைக்கக் கடினமானவை’ என்று பொதுவாகச் சொல்வதும் சரியன்று. 1917-இல் ஹார்டியும் ராமானுஜனும், ஓர் எண்ணுக்குப் பொதுவாக எத்தனை பகாக் காரணிகள் இருக்கும் என்ற கேள்விக்கு விடை கண்டனர். அந்த எண்ணின் மடக்கைக்கு மீண்டும் மடக்கை எடுத்தால் வரும் சிறு எண்ணையொட்டியே அது பெரும்பாலும் அமையும். 600 இலக்க எண்ணுக்கும் ஏழு போல்தான் வரும். அவற்றில் சில மிகச் சிறியவையாக இருப்பது வழக்கம். ஆகவே தற்செயலாக எடுத்த பேரெண்ணின் ஒரு காரணியைப் பிடிப்பது பெரும்பாலும் எளிது. முழுதாக உடைப்பதே கடினம். மறைகுறியீட்டு எண்கள் இந்தப் பொதுவிதியிலிருந்து வேண்டுமென்றே விலக்கிச் செய்யப்பட்டவை.

கடினம் என்ற தரப்பின் உண்மையான பலவீனம், அது இன்றுவரை ஒரு கீழெல்லையையும் நிறுவவில்லை என்பது. வேகமான முறை இருக்கவே முடியாது என்று யாரும் காட்டவில்லை. மறுதரப்பும் வலுவாக நிற்கவில்லை. எண்புலச் சல்லடையின் வேகம்கூட நிரூபிக்கப்படாத சில அனுமானங்களைச் சார்ந்தது. தற்செயலும் அனுமானமும் இன்றி, காலவரம்பு முழுதாக நிறுவப்பட்ட முறைகளில், 2021-இல் டேவிட் ஹார்வி வெளியிட்டது ஏறக்குறைய எண்ணின் ஐந்தாம் மூலத்தின் அளவு படிகளைக் கேட்கிறது. 617 இலக்க எண்ணுக்கு அது 124 இலக்கம் கொண்ட படிக்கணக்கு. நடைமுறை அறிவுக்கும் நிரூபித்த அறிவுக்கும் இடையே இவ்வளவு அகன்ற இடைவெளி எண்கணிதத்தில் அரிது.

## குவாண்டம் தரும் வேறு விடை

1994-இல் பீட்டர் ஷோர், குவாண்டம் கணினி இருந்தால் காரணிப்படுத்தலை மிதமான படிகளில் முடிக்கலாம் என்று நிறுவினார். அப்படியானால் கடினம் என்பது எண்ணில் இல்லை, கணக்கிடும் எந்திரத்தில் இருக்கிறது என்று இதிலிருந்து சிலர் முடிவுக்கு வருகின்றனர். அது அவசர முடிவாகவே தோன்றுகிறது. ஷோரின் முறை சாதாரணக் கணினியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. 2001-இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் அந்த முறையால் 15-ஐ 3 × 5 என்று உடைத்துக் காட்டினர். மறைகுறியீட்டு அளவிலான எண்ணை எந்தக் குவாண்டம் எந்திரமும் இதுவரை உடைக்கவில்லை. ஆயினும் காரணிப்படுத்தலைச் சாராத மறைகுறியீட்டுத் தரங்களை 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் வெளியிட்டதைப் பார்த்தால், அந்த வாய்ப்பைப் பொறுப்பானவர்கள் அலட்சியப்படுத்தவில்லை என்பது விளங்கும்.

## இன்னும் தீராதவை

பகுவா பகாவா என்ற கேள்வி கோட்பாட்டளவில் முடிந்துவிட்டது. அங்கே மிஞ்சியிருப்பது வேகம் பற்றிய மேம்பாடுகளும், ஃபெர்மா பகா எண்கள் ஐந்துக்கு மேல் உண்டா, மெர்சென் பகா எண்கள் முடிவற்றவையா போன்ற வேறு வகைக் கேள்விகளும்தான்.

காரணிப்படுத்தலில் கைவசம் உள்ள சான்றுகள் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லப் போதா. அது மிகக் கடினமான சிக்கல்களின் குடும்பத்தைச் சேர்ந்தது என்றும் காட்டப்படவில்லை. சேர்ந்தது என்று வந்தால், கணிப்பியலில் பலரும் பொய் என்று கருதும் ஒரு சமன்பாடு உண்மையாகிவிடும். ஆகவே பெரும்பாலோர் அதை எதிர்பார்ப்பதில்லை. ஆக, கணிப்பியலின் பெரும் புதிர் நாளை தீர்ந்து, அந்தக் குடும்பத்துக்கு வேகமான முறை இல்லை என்று உறுதியானாலும், காரணிப்படுத்தல் எளிதாக இருக்கும் வாய்ப்பு அப்படியே நிற்கும்.

2002-க்கு முன் பகாத்தன்மைச் சோதனையும் இதே நிலையில்தான் இருந்தது என்று சொல்லி, காரணிப்படுத்தலுக்கும் ஒரு கான்பூர் வரும் என எதிர்பார்ப்பவர்கள் உண்டு. ஒப்புமை முழுதாகப் பொருந்தவில்லை. அங்கே நிகழ்தகவு முறைகள் கால் நூற்றாண்டு முன்பே வேகமாக இயங்கிக்கொண்டிருந்தன. குறை நிரூபணத்தில் மட்டுமே இருந்தது. இங்கே சாதாரணக் கணினிக்கு அப்படி ஒரு முன்னோடி முறை, நிரூபிக்கப்படாத வடிவில்கூட இல்லை. பிளவு எண்களின் இயல்பில் உள்ளது என்போருக்கு இதுவே இன்றைக்கு இருக்கும் வலுவான சான்று. அது சூழ்நிலைச் சான்றுதான். ஜெவன்ஸின் காலத்திலும் அத்தகைய சான்றே இருந்தது. 617 இலக்க எண் எப்போதாவது உடைந்தால், காரணிகளைவிட அதை உடைத்த வழி எது என்பதே கவனிக்க வேண்டியதாக இருக்கும். பெரிய கணினிகளால் எண்புலச் சல்லடையே அதை முடித்திருந்தால், இக்கட்டுரையின் கேள்வி இருந்த இடத்திலேயே இருக்கும்.